அஞ்சு வட்டியும் இருபடிச் சூத்திரமும்

திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஓவர்லாக் மெஷின் வாங்கக் கடன் தேடும் சிறு பனியன் யூனிட்காரரிடம் "அஞ்சு வட்டி" என்றால் போதும். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் என்று விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கணக்கின் விடையும் இதே அஞ்சு வட்டிதான். பத்தாம் வகுப்பில் "மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட்" என்று உருப்போடுகிறோமே, அந்தச் சூத்திரம் இப்படிப்பட்ட கணக்குகளில்தான் வளர்ந்தது.

629-இல் ஆரியபட்டீயத்துக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தரும் கணக்கு இது: நூறுக்கு ஒரு மாத வட்டி தெரியாது. அந்த வட்டியை அதே வீதத்தில் நான்கு மாதம் கடனுக்கு விட்டதில், வட்டியும் வட்டிக்கு வட்டியுமாக ஆறு சேர்ந்தது. வட்டி எவ்வளவு?

வழியை ஆரியபட்டர் 499-இலேயே சொல்லிவிட்டார். 6, 100, 4 மூன்றையும் பெருக்கினால் 2,400. நூறில் பாதியின் வர்க்கம் 2,500. இரண்டும் சேர்ந்து 4,900. அதன் வர்க்கமூலம் 70. அதில் 50 போக 20. நான்கால் வகுத்தால் 5.

வர்க்கத்தை நிரப்பித் தீர்க்கும் வித்தையைப் பாபிலோனியர் 3,700 ஆண்டுகளுக்கு முன்பே களிமண் பலகைகளில் எழுதியிருந்தார்கள். 628-இல் பிரம்மகுப்தர் கழித்தல் எண்களுக்கும் விதி வகுத்து, பொதுவான தீர்வு முறையையும் தந்தார். கழித்தல் எண்களை ஏற்காத பாக்தாத் அறிஞர் அல் குவாரிஸ்மி, ஒன்பதாம் நூற்றாண்டில் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

சூத்திரத்தில் 'நாலு ஏசி' எப்படி வந்தது? அது கணித அறிஞர் ஸ்ரீதரர் காட்டிய வழி. அவருடைய இயற்கணித நூல் கிடைக்கவில்லை. 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் பீஜகணிதத்தில் எடுத்துக்காட்டியதால் விதி பிழைத்தது. வர்க்கத்தின் கெழுவைப் போல் நான்கு மடங்கால் இரு பக்கமும் பெருக்கு, நடுக்கெழுவின் வர்க்கத்தைக் கூட்டு, மூலம் எடு. அவ்வளவுதான்.

நம் வட்டியை 'வ' என்று வைத்தால், கணக்கு சுருங்கி வ² + 25வ = 150 ஆகும். நான்கால் பெருக்கி 625-ஐக் கூட்டுங்கள். (2வ + 25)² = 1,225. மூலம் 35; வ = 5. பின்னமே குறுக்கிடவில்லை. மூலத்தை −35 என்று எடுத்தால் வ = −30; வட்டிக்கு அது பொருந்தாது.

ஆசிரியர்களே, சூத்திரத்தை எழுதிப்போடும் முன் இந்த மூன்று படிகளைக் கரும்பலகையில் செய்து காட்டுங்கள். வழி தெரிந்த பிள்ளை, சூத்திரம் மறந்தாலும் தேர்வறையில் அதைத் தானே கட்டி எழுப்பும்.