சேர்விஸ் அடிப்பதும் எடுப்பதும்: கரப்பந்தாட்டத்தில் தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

1991 முதல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டு. எங்கள் ஊர்களில் நெற் கட்ட இரண்டு கம்பம் கிடைத்தால் பின்னேரம் ஆட்டம் தொடங்கிவிடும். ஊர்ப் போட்டிகளில் நடுவராக நின்ற எனக்குத் தெரிந்தவரை, வாக்குவாதம் அறைதலை விட சேர்விஸிலும் அதை எடுப்பதிலுந்தான் கூட வருகிறது. ஓவர்கேமுக்கு ஊர்வழக்கு வேறு. இங்கே நான் சொல்வது ஆறு பேர் ஆடும் சர்வதேச விதி.

சேர்விஸ் அடிப்பவர் 9 மீற்றர் அகலமான பின்கோட்டுக்குப் பின்னால் எங்கும் நிற்கலாம். விசில் ஊதி 8 செக்கனுக்குள் அடிக்க வேண்டும். விசிலுக்கு முன் அடித்தால் புள்ளி போகாது, திரும்ப அடிக்க வேண்டும். பந்தைக் கையிலிருந்து விட்ட பிறகே, ஒரு கையால் அடிக்க வேண்டும். எறிந்த பந்து சரியில்லை என்று பிடித்துவிட்டு மறுபடி எறிய இடமில்லை. அடிக்கும் கணத்தில், பாய்ந்து அடிப்பதானால் எழும்பும் கணத்தில், கால் கோட்டில் படக்கூடாது. அதன்பின் உள்ளே விழுந்தால் பிழையில்லை.

சேர்விஸ் நெற்றில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தால் கை தூக்குகிற பழைய ஆட்டக்காரர் இன்னும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து அது செல்லும். அன்ரனாவில் பட்டால் பிழை. கோட்டில் பட்ட பந்து உள்ளேதான்.

எடுக்கும் அணிக்கு முதல் தொடுகையில் ஒரு சலுகை உண்டு. ஒரே முயற்சியில் பந்து இரண்டு கையிலும் அடுத்தடுத்துப் பட்டாலும் செல்லும். காலில் பட்டாலும் செல்லும். பிடித்து எறிந்தால் மட்டும் விசில் வரும். எதிரணியின் சேர்விஸை நெற்றடியில் எழும்பித் தடுக்க முடியாது. முன்வலயத்தில் நின்று, நெற்றுக்கு மேலே முழுதாக நிற்கும் சேர்விஸ் பந்தை அறைந்து திருப்பவும் முடியாது.

எதிரணியிடமிருந்து சேர்விஸை வென்றால் ஆறு பேரும் மணிக்கூட்டுத் திசையில் ஓரிடம் நகர வேண்டும். சேர்விஸ் அடிபடும்போது எடுக்கும் அணி அந்த வரிசை குலையாமல் நிற்க வேண்டும். நல்ல எடுப்பாளரை நடுவில் விடும் அவசரத்தில் இதை மறந்து புள்ளி இழந்த அணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போரில் காலை இழந்தவர்கள் திடலோரம் இருந்து பார்ப்பதோடு நின்றுவிடத் தேவையில்லை. நிலத்தில் இருந்து ஆடும் கரப்பந்தாட்டம் 1956இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 1980 முதல் ஆண்களுக்கும் 2004 முதல் பெண்களுக்கும் பராலிம்பிக்கில் இடம் உண்டு. திடல் 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். நெற் ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05 மீற்றர். செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டே பலர் ஆடுகிறார்கள்.

இதில் சேர்விஸ் அடிப்பவரின் பிட்டம் பின்கோட்டுக்கு வெளியே இருந்தால் போதும், கால் உள்ளே நீண்டிருக்கலாம். அடிக்கும்போது பிட்டம் நிலத்தை விட்டு எழும்பக் கூடாது. பந்தைக் காப்பாற்றப் பாயும்போது ஒரு கணம் எழும்பினால் மன்னிப்பு உண்டு. பெரிய வித்தியாசம், இங்கே முன்வரிசைக்காரர் எதிரணியின் சேர்விஸை நெற்றிலேயே தடுக்கலாம். அதனால் தாழ்வாக, நேராக அடிக்கும் சேர்விஸ் பெரும்பாலும் அடித்தவரின் பக்கமே திரும்பி விழும். ஓரமாகவோ, கைகளுக்கு மேலாகப் பின்மூலைக்கோ அடித்துப் பழக வேண்டும்.