வீடற்றோர்: திருப்பதி, சித்தூர்

திறந்தவெளி, நடைபாதை, மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் வாழ்வோரை இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவில் நாடு முழுவதும் எண்ணியபோது இவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் இருந்தனர்.

திருப்பதியில் இப்படி எண்ணுவது கடினம். ரயில் நிலையத்தைச் சுற்றி இரவில் யாத்ரீகர்களே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். விடிந்ததும் திருமலைக்கு ஏறப்போகிறவர் யார், போக்கிடமே இல்லாதவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளைகள் கைவிட்ட முதியவர், அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண், மனநோயால் கிடைத்த ரயிலில் ஏறிவிட்டவர், ஓடிவந்த சிறுவன், ரூயா மருத்துவமனைக்கு நோயாளியோடு வந்து கைப்பணம் தீர்ந்தவர் என எவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். சோம்பேறிகள் என்ற சொல் இவர்களில் யாருக்கும் பொருந்தாது. வருமானம், உறவு, உடல்நலம் மூன்றில் இரண்டு ஒரே சமயத்தில் கைவிட்டால் வாடகை வீட்டில் இருக்கும் யாருக்கும் இந்த நிலை வரலாம்.

பசியைத் தணிக்கக் கோயில் இருக்கிறது. திருமலையில் நித்திய அன்னதானம் 1985 முதல் நடக்கிறது. ஆனால் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானத்தின் அறைக்கு ஆதார் வேண்டும். ரேஷன் அட்டைக்கும் ஓய்வூதியத்துக்கும் முகவரி வேண்டும். வீட்டை இழந்தவர் அதோடு இவற்றையும் இழக்கிறார்.

சித்தூர்ப் பக்கத்துக் கதை வேறு. மழையை நம்பிய நிலக்கடலைச் சாகுபடி பொய்த்தால் குப்பம் வட்டாரத்தார் பெங்களூருக்கு வேலை தேடிப் போகிறார்கள். ஊரில் வீடு இருந்தும், அங்கே கட்டட வேலை நடக்கும் இடத்துக் கொட்டகையே அவர்களில் பலருக்கு இருப்பிடம். ஏரிக்கரைகளில் பட்டா இன்றிக் குடிசை போட்டிருக்கும் யானாதிப் பழங்குடிக் குடும்பங்கள் ஒரு வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழக்கக்கூடும்.

இவர்களுக்காகச் சட்டங்களும் உண்டு. முதிய பெற்றோரைக் கைவிடுவது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி 3 மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தெருவில் அலையும் மனநோயாளியைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, பரிசோதனைக்காக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். உச்ச நீதிமன்றம் 2010இல் பிறப்பித்த ஆணைகளைத் தொடர்ந்து, 2013இல் நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டம் வந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கக் காப்பக இடம் என்பது அதன் அளவாக இருந்தது. 2011இல் திருப்பதியின் மக்கள்தொகை 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதன்படி ஏறத்தாழ 300 பேருக்கான இடம் போதும். ஆனால் திருமலைக்குப் போக நாள்தோறும் 60,000 பேருக்கு மேல் வந்துபோகும் ஊருக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.