கடைமடைக்கு வந்த நூல்கள்



காவிரி நாட்டைச் சித்திரைத் திங்களில் கண்டவர்களுக்கு அதன் மற்றொரு முகம் தெரியும். சம்பா அறுவடை தையில் முடிந்து, அதன்பின் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டால், வயல்கள் வெடித்துக் கிடக்கும். ஆற்றில் நீர் இராது, மணல்தான் இருக்கும். அந்த மணலில் பொழுது சாயும்வரை பிள்ளைகளின் ஆரவாரம் கேட்கும். பள்ளிக்கூடத்தின் கதவோ பூட்டிக் கிடக்கும். அந்தக் கதவுக்குள்ளே, கதைப் புத்தகங்கள் அடங்கிய அலமாரி மற்றொரு பூட்டுக்குள் கிடக்கும். தொடக்கப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற நான், இந்த இரண்டாவது பூட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கோடை விடுமுறையில் சிறு பிள்ளைகள் எதைப் படிப்பது, படித்ததைக் கொண்டு கையால் என்ன செய்வது என்னும் வினா இக்காலத்துக்கே உரியதுபோல் தோன்றலாம். உண்மையில் அது பழைய வினா. நூல் யாருக்கு உரியது, அது எவ்வாறு குழந்தையின் கைக்கு வந்து சேரும் என்று தஞ்சைத் தரணி பன்னெடுங்காலமாகவே சிந்தித்து வந்திருக்கிறது.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம். அங்கே இன்றுள்ளது போன்ற நீண்ட கோடை விடுமுறை கிடையாது. அமாவாசை, பௌர்ணமி போன்ற நாள்களிலேயே பிள்ளைகளுக்கு ஓய்வு. முதலில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகுவார்கள். கை திருந்தியபின் பனையோலை வரும். ஓலையைப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தால் சுவடி ஆயிற்று. எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. ஆகவே மஞ்சளும் கரியும் இலைச் சாறும் கலந்த மையை அதன்மேல் தடவுவார்கள். புதிய சுவடிக்கு மை பூசிப் படிக்கத் தொடங்குவதை மையாடல் என்று பெயரிட்டு ஒரு சடங்காகவே கொண்டாடினர். ஒரு பிள்ளை தன் நூலைப் பெறும் நாள் அக்காலத்தில் வீட்டுத் திருநாள் ஆயிற்று என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855ஆம் ஆண்டு பிறந்த உ. வே. சாமிநாதையர் இத்தகைய பள்ளிகளில் பயின்றவர். பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடி, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அப்பெருமகனார், தம் இளமைப் பருவத்துப் பள்ளிகளைப் பற்றி நிரம்ப எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் வழக்கங்களில் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலாதது. மாலையில் பிள்ளைகள் வீடு திரும்பும்போது, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ விலங்கின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்லவேண்டும். ஒரே ஒரு பெயர்தான். எனினும் அந்த இரவு முழுவதும் அந்தப் பெயர் அந்தப் பிள்ளைக்கே உரியது.

பழமை என்பதற்காக அனைத்தையும் புகழ்ந்துவிடலாகாது. பிரம்பும் கோதண்டமும் அந்தத் திண்ணைகளில் ஆட்சி செய்தன. பெண் பிள்ளைகளில் மிகச் சிலரே அங்கே அமர்ந்தனர். வயலில் நாற்றுப் பறித்து நடவு செய்த மக்களின் பிள்ளைகளுக்கோ அந்தத் திண்ணையில் ஏறும் உரிமையே இல்லை. நெல்லை விளைவித்த குடியில் எழுத்து விளைய இடம் தரவில்லை. இந்தக் குறையைச் சொல்லாமல் தஞ்சையின் கல்வி வரலாற்றைச் சொல்வது பாதி வரலாறே ஆகும்.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு என்னும் ஜெர்மானியப் பாதிரியார், தமிழ் கற்பதற்கு நம் ஊர்ப் பிள்ளைகளின் வழியையே நாடினார். ஓர் ஆசிரியரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவ்வாறு மணலில் தொடங்கியவரின் முயற்சியால் 1712இல் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமையும் அச்சாகி முடிந்தது. ஓலையில் ஒவ்வொன்றாகப் படியெடுக்க வேண்டியிருந்த நூலை, நூற்றுக்கணக்கில் பெருக்கும் கருவி காவிரி கடலோடு கலக்கும் கரைக்கு வந்துவிட்டது.

அக்கருவியைப் பள்ளிப் பிள்ளைகளின் பொருட்டுப் பயன்படுத்தியவருள் ஒருவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798இல் அரியணை ஏறிய அவர், சுவார்ட்ஸ் பாதிரியாரின் பேணுதலில் இளமைக் கல்வி பெற்றவர். சரசுவதி மகால் நூல் நிலையத்தை அவர் வளர்த்த கதையை நீங்கள் அறிவீர்கள். அவர் பல மொழிகளைக் கற்பிக்கும் பள்ளிகளை நிறுவினார். 1805இல் தம் அரண்மனையில் நவவித்யா கலாநிதி என்ற பெயரோடு ஓர் அச்சகத்தையும் அமைத்தார். அடுத்த ஆண்டில் அவ்வச்சகத்திலிருந்து வெளிவந்த நூல் எது தெரியுமா? ஈசாப்பின் கதைகளை மராத்தியில் தரும் ‘பாலபோத முக்தாவளி’. சிறுவர்களின் அறிவுக்கு ஒரு முத்துமாலை என்பது அப்பெயரின் பொருள். ஓர் அரசர் அச்சகம் ஒன்றைத் தொடங்கியவுடனே நரியும் காகமும் பேசும் குழந்தைக் கதையை அச்சிட்டார் என்பது, நம் மாணவர்கள் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. ஆயினும் அந்நூல் அரண்மனையின் மொழியில் இருந்தது. மருதநிலத்துச் சிற்றூரில் தமிழ் பேசித் திரிந்த சிறுவனுக்கு அது எட்டாத முத்தாகவே இருந்திருக்கும்.

ஆற்றுப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். அணையில் நீர் நிரம்பியிருந்தால் மட்டும் போதாது. ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து கண்ணிக்கும் இறங்கிக் கடைமடை வரை சென்று சேரவேண்டும். கடைமடை காய்ந்தால், அணை நிரம்பியதாகச் சொல்லி உழவனை ஆறுதல்படுத்த முடியாது. நூலுக்கும் இதுவே விதி. பல்லாயிரம் சுவடிகள் கொண்ட சரசுவதி மகால் 1918இல் பொதுமக்களுக்கு உரிய நூல் நிலையமாயிற்று. அது பெருநகரத்து நீர்த்தேக்கம். கடைமடைக்கு யார் கொண்டு செல்வது?

அதற்கு விடை கண்டவர்களும் இந்த மண்ணின் மக்களே. சீகாழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலகத் துறையின் ஐந்து விதிகள் உலகெங்கும் பரவின. பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே நூல் என்பது அவற்றுள் முதலாவதன் கருத்து. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்கு உரிய நூல் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு நூலும் தன் வாசகனை அடையவேண்டும் என்பன அதைத் தொடர்ந்து வருவன.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. அதில் நெல் மூட்டை இல்லை, வைக்கோல் இல்லை, நூல்கள் இருந்தன. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் தம் முயற்சியால் வடிவமைத்த நடமாடும் நூலகம் அது. தொடங்கி வைத்தவர் அரங்கநாதன். ஊர் ஊராகச் சென்று, படிக்கத் தெரிந்தவர்களுக்கு நூல் கொடுத்து, பின்னொரு முறை வந்து அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றைத் தருவது அதன் பணி. வரப்பும் வாய்க்காலும் நிறைந்த நாட்டில், எந்த வண்டி நெல்லை நகரத்துக்குக் கொண்டு போயிற்றோ, அதே வகை வண்டி எழுத்தைச் சிற்றூருக்குக் கொண்டு வந்தது. பின்னர் 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் அவ்வகையில் முதற்சட்டம். சொத்து வரியோடு நூலக வரியும் பெற்று ஊர்தோறும் நூலகம் அமைக்க அது வழி செய்தது. அச்சட்டத்தின் பின்னணியிலும் அரங்கநாதனின் உழைப்பு நின்றது.

இவ்வளவும் வரலாறு. இதை ஆசிரியர் பயிற்சி நிலையத்திலே படித்துத் தேர்வில் எழுதியவன் நான். ஐந்து விதிகளையும் பிழையின்றிச் சொல்வேன். ஆனால் சொன்னவன் செய்தவன் ஆவதில்லை. தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டின் ஏப்ரல் இறுதியில் நிகழ்ந்ததை இன்றுவரை நான் மறக்கவில்லை. விடுமுறைக்கு முந்திய நாள், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பாதி படித்த ஒரு கதைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு செல்லக் கேட்டாள். அவள் பெற்றோர் விவசாயக் கூலிகள். வீட்டில் அச்சடித்த தாள் என்று ஒன்றும் இல்லை. நூல் தொலைந்தால் கணக்குச் சொல்லவேண்டுமே என்று அஞ்சி, “ஜூனில் வந்து மீதியைப் படிக்கலாம், அம்மா” என்று சொல்லி, புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். ஜூனில் அதே புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். முன்பு கடகடவென்று படித்தவள், எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள். “மறந்து போச்சு சார்” என்றாள். மறந்தவள் அவளல்லள்; முதல் விதியை மறந்தவன் நான்.

அடுத்த கோடையில் அலமாரியைத் திறந்தேன். வாரத்திற்கு ஒரு நாள் காலையில் பள்ளித் திண்ணையில் அமர்ந்து, பிள்ளைகளுக்கு நூல் கொடுத்து வாங்கினேன். அதனோடு உத்தமதானபுரத்துப் பழைய வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர்: மீன்கொத்தி, நாணல், கருவாட்டு வாலி, மதகு, ஏற்றம். அந்த ஒன்றைப் பற்றிக் கண்டதையும், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அறிந்ததையும் எழுதி, படம் வரைந்து, ஒரு நூல் ஆக்கி வரவேண்டும். பழைய நோட்டுகளில் எழுதாது விட்ட தாள்களைக் கிழித்து எடுத்து மடித்தோம். கோணி ஊசியால் நடுவில் தைத்தோம். பழைய நாட்காட்டி அட்டை மேலுறை ஆயிற்று. ஒட்டுவதற்கு வடித்த கஞ்சியே பசை; நெல் நாட்டில் அதற்குப் பஞ்சமுண்டோ?

சென்ற ஆண்டு நான் திருப்பி அனுப்பிய அந்தச் சிறுமிக்கு ‘நெல்’ என்னும் பெயரைக் கொடுத்தேன். அவள் தன் பாட்டியைக் கேட்டு, குள்ளக்கார், பூங்கார், கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா என்று பக்கத்துக்கு ஒரு நெல்லாக எழுதினாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கதிர் வரைந்திருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தன. நான் சிவப்பு மை தொடவில்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேத்தி அதைப் படித்துக் காட்டியபோது, ஒரு நெல்லின் பெயர் விட்டுப்போயிற்று என்று பாட்டி திருத்தினாராம். அந்த வீட்டின் முதல் நூல் அதுவே; அதற்கு முதல் பதிப்பாசிரியர் எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டியே. ஜூனில் அவள் தானே எழுதிய நூலைப் படித்தாள். அதன்பின் நான் கொடுத்ததையும் படித்தாள். கொடுத்த நூல்களில் இரண்டு கிழிந்து வந்தன. ஒன்று வரவே இல்லை. அந்தக் கணக்கை அந்த ஆண்டில் அஞ்சாது எழுதினேன்.

இப்போது அரசே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சிறுசிறு கதை நூல்களை வாசிப்பு இயக்கத்தின் வழியாக வெளியிட்டு வருகிறது. இது மகிழத்தக்கது. ஆனால் அவையும் பூட்டுக்குள் இருந்தால் அணைத் தண்ணீராகவே நின்றுவிடும்.

உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் மாணவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இந்தக் கோடையில் ஊருக்குப் போவீர்கள். உங்கள் தெருவில் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைகள் நால்வராவது இருப்பர். அவர்களைத் திண்ணையில் அமர்த்திக் கதை ஒன்றைப் படித்துக் காட்டுங்கள். மீதியை அவர்கள் படிக்கட்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரைக் கொடுத்து அனுப்புங்கள். நூலொன்று தைத்துக்கொண்டு வரட்டும். சரபோஜி மன்னரின் அச்சகமும், மேலவாசலின் வண்டியும் உங்களிடம் இல்லை. ஊசியும் நூலும் கஞ்சிப் பசையும் இருக்கின்றனவே!

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். நீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, கிளைத்து, கடைமடை நோக்கி நடக்கும் அந்நாள்களிலேதான் பள்ளிகளும் திறக்கின்றன. அணை திறக்கும்வரை உழவன் சும்மா இருப்பதில்லை. வாய்க்காலைத் தூர் வாரி, வரப்பைச் செதுக்கி வைக்கிறான். அவ்வாறு வைத்தவன் வயலிலேதான் நீர் வந்தவுடன் ஏறுகிறது. கோடையில் பிள்ளைகள் படிக்கும் படிப்பும் அத்தகையதே.