தாம்பரம்: சென்னைக்கு இடம் கொடுத்த ஊர்

சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தாம்பரம் வந்துவிடும். "தென் சென்னையின் நுழைவாயில்" என்று இந்த ஊரைச் சொல்வார்கள். ஆனால் இதன் வரலாற்றைப் பார்த்தால், சென்னை தனக்குள் வைத்துக்கொள்ள முடியாதவற்றை வெளியே அனுப்பிய வாசல் என்றே சொல்லத் தோன்றும்!

முதலில் வந்தது நோய். காசநோய்க்கு அன்று சரியான மருந்து கிடையாது. நல்ல காற்றும் ஓய்வும்தான் சிகிச்சை. டாக்டர் சௌரிமுத்து 1928-இல் இங்கே ஒரு காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 'தாம்பரம் சானடோரியம்' என்ற ரயில் நிலையத்தின் பெயர் அதன் நினைவாக நிற்கிறது. பின்னாளில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் அடைக்கலம் கொடுத்தது இதே மருத்துவமனைதான்.

அடுத்து வந்தது கல்வி. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நெரிசலில் இயங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. 1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மாநாடு இங்கே நடந்ததால், தாம்பரம் என்ற பெயர் உலக நாடுகளுக்கும் தெரிந்தது. காடு போன்ற இந்தக் கல்லூரி வளாகத்தில் இன்றும் மான்களைக் காணலாம்.

இதற்கெல்லாம் வழி திறந்தது ரயில். கடற்கரை - தாம்பரம் மின்ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. நகரத்தில் வேலை, குறைந்த விலையில் நிலம், இரண்டையும் இணைக்க மின்ரயில்! புறநகர் வளர இதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு விமானப்படைத் தளம் வந்தது. 1984-இல் 'மெப்ஸ்' ஏற்றுமதி மண்டலம் வந்தது. 1855-இல் எழும்பூரில் தொடங்கி, பின் சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை, 1985-இல் அருகிலுள்ள வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. அதுவே இன்று குழந்தைகளுக்குப் பிடித்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் நிலையமும் 2023 டிசம்பரில் வண்டலூரை ஒட்டித் திறக்கப்பட்டது.

2021-இல் தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. இதனால் ஊரின் வரலாறும் நீண்டுவிட்டது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரம் இப்போது இந்த மாநகராட்சிக்குள் இருக்கிறது. மாடம்பாக்கத்தின் சோழர் காலத் தேனுபுரீஸ்வரர் கோயிலும், 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருநீர்மலையும் இதன் எல்லைக்குள்தான் உள்ளன.

ஆனால் இந்த வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. நகரத்துக்கு வேண்டாதவை மட்டும் அல்ல, ஊருக்கு வேண்டாதவையும் எங்காவது போயாக வேண்டுமே? அவை ஏரிகளுக்குப் போயின. பல்லாவரம் பெரிய ஏரி பல ஆண்டுகள் குப்பைக் கிடங்காகக் கிடந்தது. ரேடியல் சாலை அதை இரண்டாகப் பிளந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர் பகுதி மூழ்கி, மக்களைப் படகுகளில் மீட்க வேண்டியிருந்தது. தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வீடு நின்றால், வீட்டுக்குள் தண்ணீர் வருவதில் வியப்பில்லை.

நோயாளி, மாணவன், புலி, பேருந்து என்று வந்த எல்லோருக்கும் இடம் கொடுத்த ஊர் தாம்பரம். தண்ணீருக்கும் அதன் இடத்தை விட்டு வைத்தால்தான், அடுத்து வருபவர்களுக்கும் இந்த ஊரால் இடம் கொடுக்க முடியும்.