தண்ணீர் ஏறாத ஏற்றம்

சென்ற தை மாதம் திருவையாற்று ஆராதனைக்குச் செல்லும் வழியில், தஞ்சை மருத்துவக் கல்லூரிச் சாலையில் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஓர் இரவு தங்கினோம். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கூடத்திலிருந்து எழுந்த ஒரு சீரான இரைச்சல் எங்களை எழுப்பியது. மாவரைக்கும் இயந்திரமாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தால், நண்பர் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். சைக்கிளுக்குப் பின்சக்கரம் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், தரையில் கால்பரப்பி நின்ற ஓர் இரும்புக் கருவியின் பற்சக்கரத்தில் சங்கிலி மாட்டப்பட்டிருந்தது. எதிரே தொலைக்காட்சித் திரையில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு மலைப்பாதை. அதில் அவருக்குப் பதிலாக ஒரு பொம்மை மனிதர் வியர்க்காமல் மிதித்துக்கொண்டிருந்தார். நண்பரோ நனைந்திருந்தார்.

ஊஞ்சலில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த அவருடைய பாட்டி, எண்பதைக் கடந்தவர், எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இத்தினி நேரமா மிதிக்கிறானே, தண்ணி எங்கயாவது ஏறுதா தம்பி?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஆராதனைப் பந்தலில் அமர்ந்திருந்தபோதும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. பாட்டி வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே நெடுநேரம் காலால் மிதிக்கும் ஆண்களை அவர் சிறுமியாக இருந்தபோது வாய்க்கால் கரையில் பார்த்திருக்கிறார். அவர்கள் மிதித்ததால் தண்ணீர் ஏறியது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்ற கதைதான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் சைக்கிளை ஓட்டுகிறோம், விடுகிறோம். ஆனால் கால் செய்யும் வேலைக்குப் பெயர் மிதிப்பதுதான். சைக்கிள் இந்த மண்ணுக்கு வந்து நூற்றுச் சில்லறை ஆண்டுகளே ஆகின்றன. மிதிப்பது அதற்கு வெகுகாலம் முன்பே இங்கு ஒரு தொழில். தழையைச் சேற்றில் மிதித்தார்கள், ஏற்றம் மிதித்தார்கள். சைக்கிள் வந்தபோது அதற்கான வினைச்சொல் வயலில் தயாராக இருந்தது.

காவிரிப் படுகையில் ஏற்றத்துக்கு என்ன வேலை, வாய்க்காலில்தான் தண்ணீர் தானாக ஓடுமே என்று சிலர் கேட்கக்கூடும். கல்லணையிலிருந்து கடல் வரை நிலம் மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. பாசனம் முழுவதும் அந்தச் சரிவை நம்பியதே. ஆனால் சரிவை நம்பிய நாட்டில் இரண்டு முழ மேடுகூடப் பெரிய தடை. மேட்டு நிலத்துக்கும் தோட்டத்துக்கும் கொடிக்காலுக்கும், வாய்க்காலில் நீர் தாழ்ந்த நாள்களில் வயலுக்கும், தண்ணீரைக் கையாலோ காலாலோதான் ஏற்றவேண்டும். சோழர் காலத்துச் செப்பேடுகளில் நிலக்கொடையோடு வரும் நிபந்தனைகளைப் படித்தவர்கள் 'சிற்றேத்தம்', 'கூடைநீர்' என்னும் சொற்களைக் கண்டிருப்பார்கள். யார் இறைக்கலாம், யார் இறைக்கக்கூடாது என்பதை அரசன் செம்பில் வெட்டிவைக்கும் அளவுக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்கிறது. இறைத்தவர்களின் பெயர்கள் மட்டும் அந்தச் செம்பில் இல்லை.

ஏற்றத்தின் அமைப்பை இன்றைய வாசகர்களுக்குச் சற்று விளக்கவேண்டும். நட்ட கால்களின் மேல் ஊசலாடும் நீண்ட மரம் துலா. அதன் ஒரு நுனியில் மூங்கில் கழி, கழியின் முடிவில் சால். கீழே ஒருவர் நின்று சாலை மொண்டு கவிழ்ப்பார். துலாவின் மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடப்பார்கள். நீர்ப்பக்கம் நடந்தால் அந்த நுனி தாழ்ந்து சால் இறங்கும். திரும்பிப் பின்பக்கம் நடந்தால் சால் ஏறும். இதில் ஒரு நுட்பம் உண்டு. எந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினாலும் அந்தப் பக்கம் அப்போது உயர்ந்தே இருக்கும். ஆகவே துலாவில் நடப்பவர் எப்போதும் மேட்டில்தான் ஏறுகிறார். நாள் முழுவதும் ஏறுகிறார், பொழுது சாயும்போது காலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

நண்பரின் திரையில் ஓடிய மலைப்பாதைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நாம் சொல்லவேண்டியதில்லை. வேற்றுமை ஒன்றைச் சொல்லலாம். அந்த மென்பொருளில் உடல் எடை கூடினால் ஏற்றத்தில் வேகம் குறையும். நண்பர் பொங்கலுக்குப் பிறகு இதைப் பற்றி மிகவும் புலம்பினார். துலாவில் கனத்த உடம்புக்காரருக்கு மதிப்பு அதிகம். அவருடைய எடைதானே தண்ணீரைத் தூக்குகிறது!

இந்த நடையில் மனம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்குச் சான்று ஏற்றப்பாட்டு. பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்கி, சாலுக்கு ஒரு அடியாக, எண்ணிக்கையையும் பாட்டுக்குள்ளேயே வைத்துப் பாடிக்கொண்டு போவார்கள். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்று ஒரு பழமொழியே உண்டு. கம்பர் கதையும் நாம் அறிந்ததுதான். அதிகாலையில் நடந்துசென்ற கம்பர், மூங்கிலின் மேல் இருந்த பனித்துளியைப் பற்றி ஏற்றக்காரர் பாடிய ஓர் அடியைக் கேட்டு நின்றுவிட்டாராம். அந்த அடியோடு அன்றைய இறைப்பு முடிந்துவிட்டது. அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று இரவெல்லாம் யோசித்தும் பிடிபடாமல், மறுநாள் விடியலில் மீண்டும் வந்து காத்திருந்து, சூரியன் அந்தத் துளியை எடுத்துக்கொள்ளும் அடியைக் கேட்டுத் தலைவணங்கினார் என்பது கதை.

இது வரலாறு அன்று. கம்பரைச் சுற்றி வளர்ந்த எத்தனையோ கதைகளில் ஒன்று. ஆனாலும் படுகையின் தேரழுந்தூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் பெருங்கவியை, துலாவில் நடக்கும் ஒருவரின் முன் நிறுத்திவைக்கவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. வழக்கமாக இந்தக் கதையை உழைப்பவரின் கவித்துவத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். நமக்கு வேறொன்று படுகிறது. சில அடி நீள மரத்தை விட்டு நகரமுடியாத ஒருவருக்குத் தினமும் கண்ணெதிரே இருந்தவை மூங்கிலும் பனியும் எழும் கதிருமே. அவற்றை அடியடியாக நகர்த்தி, போகாத தூரத்தைப் போனதாக ஆக்கிக்கொள்ள அவருக்குப் பாட்டு வேண்டியிருந்தது. நண்பருக்குத் திரை வேண்டியிருப்பதும் இதற்காகத்தான். திரையை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம்கூட மிதிக்கமுடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஒற்றுமையை இதற்கு மேல் நீட்டினால் பொய்யாகிவிடும். துலாவில் நடந்தவர் தன் விருப்பப்படி இறங்கக்கூடியவர் அல்லர். பெரும்பாலும் நிலமும் அவருடையதன்று, விளைவும் அவருடையதன்று. பண்ணையாளைப் பண்ணையிலிருந்து நினைத்தபோது விரட்டமுடியாது என்று சட்டம் சொல்லத் தொடங்கியதே 1952இல், தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு. ஏற்றப்பாட்டின் இனிமையைப் பேசுபவர்கள் (நாமும்தான்) இதை மறந்துவிடுகிறோம்.

நின்ற இடத்தில் மிதிப்பதைத் தண்டனையாகவே ஆக்கியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818ஆம் ஆண்டை ஒட்டிச் சிறைகளுக்காக ஒரு மிதிசக்கரத்தை வடிவமைத்தார். சுழலும் படிக்கட்டில் கைதிகள் மணிக்கணக்கில் ஏறவேண்டும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது. சிலவற்றில் எதையும் அரைக்காமல் வெறும் காற்றைச் சுழற்றியது. பயனில்லாமல் உழைப்பது கூடுதல் தண்டனை என்று கருதினார்கள். 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பிறகு அங்கே அது ஒழிந்தது. பத்தாண்டு கழித்து, அதே ஆட்சியின் கோவைச் சிறையில் வ.உ.சி. மாட்டுக்குப் பதிலாகச் செக்கைச் சுற்றி நடந்தார். அந்தச் செக்கைச் சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இன்றும் பார்க்கலாம்.

அதே காலத்தில் வசதியுள்ளவர்கள் ஓடாத சைக்கிளைக் காசு கொடுத்து மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் நிலைச் சைக்கிள்கள் இருந்தன. எதிரே கடிகாரம் போன்ற ஒரு பெரிய வட்டம். ஓடாத சைக்கிள் எவ்வளவு தூரம் ஓடியது என்பதை அதன் முள் காட்டும். இன்றைய திரையின் பாட்டனார் அந்த வட்டம்தான்.

நம் ஊருக்கு ஓடாத சைக்கிள் இப்படி வரவில்லை. இங்கே அது ஸ்டாண்டு போட்ட சைக்கிளாக வந்தது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா உள்ளே போனதும், ஏறி உட்கார்ந்து மிதித்து, சக்கரம் விர்ரென்று சுற்ற, டைனமோ விளக்கு எரிய, கும்பகோணம் வரை போய்வந்த பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! சாணை பிடிப்பவர் அதே ஸ்டாண்டில் தொழிலே செய்தார். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, சாணைக்கல்லுக்கு வாரை மாட்டி, மிதித்தால் கத்தியில் பொறி பறக்கும். பாட்டியின் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. தண்ணீர் ஏறாவிட்டாலும் அரிவாள் கூராகும்.

எல்லாவற்றையும்விட நம் நினைவில் நிற்பவர், எழுபது எண்பதுகளில் அறுவடை முடிந்த கோடையில் ஊர்த் திடலுக்கு வந்துசேர்ந்த 'இறங்காமல் சைக்கிள் விடுபவர்'. திடலின் நடுவில் ஒரு கம்பம். அதில் ஒலிபெருக்கிக் குழாய், குழல்விளக்கு. அவர் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். ஐந்து நாள், ஏழு நாள், பத்து நாள் என்று தட்டியில் எழுதியிருக்கும். சாப்பாடு சைக்கிளில், குளியல் சைக்கிளில், சட்டை மாற்றுவதும் சைக்கிளில். மாலையில் கூட்டம் சேர்ந்ததும் கைவிட்டு ஓட்டுவார், படுத்து ஓட்டுவார், தரையில் கிடக்கும் ரூபாய்த் தாளைக் குனிந்து வாயால் எடுப்பார், குழல்விளக்கை மார்பில் அடித்து உடைப்பார். இடையில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் உண்டு. நள்ளிரவுக்குப் பிறகு கூட்டம் கலைந்துவிடும். அவர் மட்டும் மெல்ல மிதித்துக்கொண்டிருப்பார். இரவில் இறங்கித் தூங்கினாரா என்று கண்டுபிடிப்பதற்காகவே விழித்திருந்த இளைஞர்கள் உண்டு. அவர்கள்தாம் முதலில் தூங்கிப்போவார்கள்.

அவர் மிதித்த தூரத்தை நேர்க்கோட்டில் நீட்டினால் தஞ்சையிலிருந்து எவ்வளவோ தொலைவு போயிருப்பார். ஆனால் திடலைத் தாண்டிப் போனால் அவருக்குச் சோறு இல்லை. கடைசி நாள் மாலை போட்டு இறக்கியபின், கால் தரையில் ஊன்றாமல் இருவர் தாங்கிப்பிடிக்க நடந்துசெல்லும் அந்த மனிதரை, உடற்பயிற்சி வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. சைக்கிள் வந்ததால் யாருக்கு என்ன விடுதலை கிடைத்தது என்ற பேச்சில் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் அறிவொளிப் பெண்கள் இடம்பெறுவது நியாயமே. திடலுக்குள் சுற்றிக்கொண்டிருந்தவருக்கும் அந்தப் பேச்சில் ஓரிடம் வேண்டும்.

இன்னொரு முன்னோடி சினிமாக் கூடம். படப்பிடிப்பு அரங்குக்குள் ஓடாத காரில் நாயகனை உட்காரவைத்து, பின்னால் இருக்கும் திரையில் சாலையை ஓடவிடுவார்கள். அங்கே திரை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால். ஏமாறவேண்டியவர் கொட்டகையில் இருக்கும் நாம். நண்பரின் கூடத்தில் திரை முகத்துக்கு எதிரே வந்துவிட்டது. ஓட்டுபவரே ரசிகர், ஏமாறச் சம்மதித்தவரும் அவரே.

அந்தக் கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பாதை மேடேறும்போது மென்பொருள் கம்பியில்லாமல் கருவிக்குச் செய்தி அனுப்புகிறது. உள்ளே மின்காந்தம் இறுகி மிதிப்பு கனக்கிறது. காலின் விசையைக் கருவி வாட் கணக்கில் அளந்து திரும்ப அனுப்ப, அதையும் உடல் எடையையும் கொண்டு பொம்மையின் வேகம் தீர்மானமாகிறது. 2014இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஸ்விஃப்ட் என்ற மென்பொருள் இவற்றில் புகழ்பெற்றது. பிரான்சின் ஆல்ப் துவேஸ் மலைச்சாலையை ஒட்டி அமைத்த பாதை ஒன்று அதில் உண்டு: 21 கொண்டைஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். பாலம் ஏறுவதைத் தவிர வேறு ஏற்றம் அறியாத தஞ்சைச் சைக்கிளுக்கு இது சாதாரண விஷயமன்று. 2020இல் ஊரடங்கு உலகத்தையே வீட்டுக்குள் வைத்தபோது இது பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் பன்னாட்டுச் சைக்கிள் சங்கத்தின் முதல் மெய்நிகர் உலகப் போட்டியில் ஆடவர் பட்டத்தை வென்றவர் ஜேசன் ஆஸ்போர்ன் என்ற ஜெர்மானியர்; அவர் அப்போது துடுப்புப் படகு வீரர்.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருவோம். நாள் முழுவதும் உழைக்கும் ஒரு மனிதரால் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 75 வாட் என்பார்கள். வயலில் ஓடும் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் 3,730 வாட். அதாவது, ஐம்பது பேர் அந்தக் கொட்டகைக்குள் ஓயாமல் மிதிக்கிறார்கள். ஐம்பது அறுபதுகளில் மின்சாரம் கிராமங்களுக்கு வரவர ஏற்றங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெர்ஸி மாக்வீன் தொகுத்த நாட்டுப்பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' என்ற பெயரில் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் வெளியிட்டதும் 1958இல்தான். பாட்டு புத்தகத்துக்குள் போகவும் துலா விறகாகவும் ஒரே காலம். நண்பர் அன்று காலை ஒரு மணி நேரம் சராசரியாக 150 வாட் மிதித்தார். அத்தனையும் வெப்பமாகி அந்தக் கூடத்திலேயே கலைந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபின் வாரக்கணக்கில் மின்சாரமின்றி மோட்டார்கள் நின்றபோது நண்பரின் கருவியும் மூலையில் நின்றிருக்கிறது. அதற்கும் மின்சாரம் வேண்டும்.

திரும்பும் வழியில் மயிலாடுதுறையில் வாடகைச் சைக்கிள் தேடி, கிடைக்காமல், தெரிந்தவர் ஒருவரின் சைக்கிள்களை இரவல் வாங்கித் தேரழுந்தூருக்குப் போனோம். கம்பர் மேடு என்று காட்டப்படும் திட்டைப் பார்த்தோம். வழியெல்லாம் சமதரை; மிதித்ததற்கு ஏற்ப ஊர்கள் பின்னால் போயின. ஓரிடத்தில் சாலையோரம் ஒரு மோட்டார் கொட்டகை. கதவு பூட்டியிருந்தது, உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தொட்டிக்குக் கொட்டிய தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயலில் ஆள் யாரும் இல்லை.