தில்லியில் பயிலும் வெளிநாட்டு மாணவர்கள்: பணி அனுபவம் பெறுவதற்கான விதிமுறைகள்

புதுதில்லி: தலைநகரில் உள்ள தில்லி பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், தெற்காசியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களில் ஏராளமான வெளிநாட்டு மாணவர்கள் பயின்று வருகின்றனர். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 ஆம் ஆண்டு உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, நாடு முழுவதும் 46,878 வெளிநாட்டு மாணவர்கள் பயின்றனர். அவர்களில் நேபாள நாட்டினரே அதிகம். படிப்புடன் பணி அனுபவமும் பெற விரும்பும் இம்மாணவர்கள் முதலில் அறிய வேண்டியது விசா விதிகளையே.

பகுதிநேர வேலைக்கு அனுமதியில்லை

அமெரிக்காவில் கல்லூரி நடைபெறும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரமும், கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரமும் மாணவர்கள் பணிபுரியலாம். இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு இல்லை. மாணவர் விசா கல்விக்காக மட்டுமே வழங்கப்படுகிறது. உணவகம், கடை, அலுவலகம் என எங்கும் ஊதியத்துக்குப் பணியாற்றுவது விசா நிபந்தனையை மீறும் செயலாகும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி, இதற்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, ரூ.3 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நேபாளம், பூடான் நாட்டினர் இந்தியா வர விசா தேவையில்லை. இந்தியா-நேபாளம் இடையிலான 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தம், இரு நாட்டு மக்களும் மற்ற நாட்டில் வசிக்கவும் வணிகத்தில் ஈடுபடவும் வகை செய்கிறது. இலங்கை, வங்கதேசம் உள்ளிட்ட பிற அண்டை நாட்டு மாணவர்களுக்கு விசா கட்டாயம்.

பயிற்சிக்கான வழி

பாடத்திட்டத்தின் அங்கமாக உள்ள தொழிற்பயிற்சியே பணி அனுபவத்துக்கான நேரான வழி. அதைத் தொடங்கும் முன் கல்வி நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற்று, வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் அனுமதி குறித்துக் கேட்டறிதல் வேண்டும். பட்டம் பெற்றபின் பயிற்சி பெற விரும்புவோருக்குத் தனியாகப் பயிற்சி விசா உள்ளது. அது பயிற்சிக் காலத்துக்கு அல்லது ஓராண்டுக்கு, எது குறைவோ அதற்கு மட்டுமே செல்லும்.

வேலைவாய்ப்பு விசா

முழுநேரப் பணியில் சேர வேலைவாய்ப்பு விசா அவசியம். இதற்கு ஆண்டு ஊதியம் பொதுவாக ரூ.16.25 லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தகுதியுள்ள இந்தியர்கள் போதிய அளவில் கிடைக்கும் பணிகளுக்கும், வழக்கமான எழுத்தர் பணிகளுக்கும் இந்த விசா வழங்கப்படுவதில்லை. புதிதாகப் பட்டம் பெறுவோரில் பலருக்கு இந்த ஊதிய வரம்பே பெரும் தடையாக அமைகிறது.

எனினும், ஆங்கிலம் தவிர்த்த பிற மொழி ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தத்தம் நாட்டு உணவு வகைகளைச் சமைக்கும் சமையல் கலைஞர்கள், தூதரகப் பணியாளர்கள் ஆகியோருக்கு இவ்வரம்பிலிருந்து விலக்கு உண்டு. தூதரகங்களும் மொழிப் பயிற்சி மையங்களும் மிகுந்த தில்லியில், தாய்மொழிப் புலமை கொண்ட பட்டதாரிகள் இந்த விலக்கைக் கருத்தில் கொள்ளலாம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருவோர் 14 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். இதற்கு இணையவழி வசதி உள்ளது. "முதலில் வேலையில் சேருங்கள், விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" எனக் கூறும் இடைத்தரகர்களை நம்புதல் கூடாது. விதிமீறலுக்கான நடவடிக்கையை எதிர்கொள்ள வேண்டியவர் மாணவரே. எனவே, பணியில் சேரும் முன் நியமனக் கடிதம், ஊதிய விவரம், விசா வகை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைப் பதிவு அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது.