பாறை முதலில் சொன்னது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று கரையோரத்தையே வாரிக்கொண்டு போன அந்தக் காலையை எங்கட வீட்டில் "கடல் வந்த நாள்" என்றுதான் சொல்லுவார்கள். நான் அப்போது கைக்குழந்தை. கடலுக்கு முன்பே இன்னொரு அலை எங்கட காலடியால் போயிருக்கிறது என்பது, பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சுமாத்திராவுக்குப் பக்கத்தில் நிலம் உடைந்தது அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு. பாறைக்குள்ளால் வந்த முதல் அதிர்வு, சுமார் 1,700 கிலோமீற்றரை நான்கு நிமிடத்துக்குள் கடந்துவிட்டது. கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில் இருந்த நிலநடுக்கமானி அதைப் பதிந்தது. கடல் வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

அப்படியென்றால் நேரம் இருந்ததுதானே? இருந்தது. ஆனால் ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் 15 நிமிடத்தில் கணித்த அளவு 8.0. ஒரு மணித்தியாலம் கழித்து 8.5 என்றது. உண்மையான அளவு 9.1. வெளிவந்த சக்தியில் பார்த்தால் முதல் கணிப்பை விட நாற்பது மடங்குக்கு மேல். நிலம் சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு, பல நிமிடங்களாக உடைந்துகொண்டே போனது. அவ்வளவு பெரிய உடைவின் முழு அளவு, வேகமான அதிர்வுகளில் தெரியாது. மெதுவாக ஆடும் நீண்ட அலைகளில்தான் தெரியும்.

அந்த அலைகளை வாசிக்கக் கணினி வேண்டும். நான் கலைப்பீடம், கணக்கு ஓடாது, விளங்கியதைச் சொல்கிறேன். பூமியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒரு கட்டம் அசைந்தால் பக்கத்துக் கட்டம் எவ்வளவு அசையும் என்று நொடி நொடியாகக் கணக்கிடுவார்கள். அலை ஒரு கட்டத்தைக் கடக்கும் நேரத்தை விடப் பெரிய தாவலாக நேரத்தைத் தாண்டினால் கணக்குக் குழம்பிவிடும். இதை 1928இலேயே, கணினி வருவதற்கு முன்பே, குராண்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் காட்டிவிட்டார்கள்.

ஆனால் ஆபத்து நேரத்தில் இவ்வளவும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. 2008இல் கனமோரி, ரிவேரா இருவரும் கொண்டுவந்த முறை இதற்கு வழி காட்டியது: எங்கே உடைந்தால் எங்கே எப்படி ஆடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது. நில அதிர்வு வந்ததும் பதிவோடு ஒப்பிட்டால் போதும். அரை மணித்தியாலத்துக்குள் அளவு தெரிந்துவிடும்.

2012 ஏப்ரல் 11 எனக்கு நல்ல ஞாபகம். மறுபடி சுமாத்திரா, 8.6. எச்சரிக்கை வந்தது, நாங்கள் உவர்மலைப் பக்கம் ஓடினோம். பெரிய அலை ஒன்றும் வரவில்லை. "சும்மா ஓட வைச்சிட்டாங்கள்" என்று அன்றைக்குச் சிலர் சிரித்தார்கள். அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. 2004இலும் யாராவது இப்படி ஓடச் சொல்லியிருந்தால் என்றார்.